பிடிப்பதற்கு அல்லாத பிடி

கத்திக்குப் பிடி எதற்கு? "இதென்ன கேள்வி, பிடிப்பதற்குத்தான்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அரிவாள், கோடாரி, காய் நறுக்கும் கத்தி என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் சரிதான். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சரிவராது. அது சவரக்கத்தி, அதாவது சலூன்களில் பார்க்கும் மடக்குக் கத்தி.

சவரம் நடக்கும்போது அந்தக் கத்தியின் பிடியை யாரும் பிடிப்பதில்லை. அடுத்த முறை சலூன் நாற்காலியில் உட்காரும்போது எதிரே இருக்கும் கண்ணாடியில் கவனித்துப் பார்க்கலாம். விரல்கள் எல்லாம் இரும்பின் மேல்தான் இருக்கும். பிடி பாட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாத மாதிரி நிற்கும்.

நிஜமாகவே வேலை இல்லாமல்தான் நிற்கிறதா? ஒரு மெக்கானிக்கல் மாணவன் அப்படித்தான் நினைத்தான். ஃபைனல் இயர் படிக்கிறவன். மெஷின் டிசைன் பேப்பரில் நல்ல மார்க் வேறு. அந்த நினைப்புக்கு விலையாகப் போனது ஒரு நல்ல கத்தியின் கூர், கூடவே தாத்தாவின் கட்டைவிரலிலிருந்து கொஞ்சம் ரத்தம்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா அங்கே 35 வருடம் சலூன் வைத்திருந்தவர். கடையை மூடி ரொம்ப நாளாகிறது, வயதும் 80-ஐத் தொடப்போகிறது. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, தூணில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வார். அதற்கென்றே ஒரு கத்தி. கருப்பு எருமைக் கொம்பில் பிடி. கழுத்துப் பகுதியில் பாதி தேய்ந்துபோன எழுத்தில் 'ஷெஃபீல்ட்' என்ற இங்கிலாந்து ஊரின் பெயர். அவருடைய அப்பா வைத்திருந்த கத்தி அது. கடையில் வந்தவர்களுக்கு வேறு கத்திகள். இது மட்டும் அவர் முகத்துக்கு.

செமஸ்டர் லீவில் வந்த பேரன் ஒருநாள் அந்தக் கத்தியை மடக்கிய நிலையில் கையில் எடுத்துப் பார்த்தான். பிடியை இரண்டு விரலால் அழுத்தினால் நெளிந்தது. பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடியது. தாத்தாவின் கைகளோ சமீபமாகக் கொஞ்சம் நடுங்குகின்றன. நடுங்கும் கையில் ஆடும் கத்தி! தொண்டைக்குழிப் பக்கம் போகும்போது மடங்கிவிட்டால்? விரலை நறுக்கிவிட்டால்? அவன் பயந்ததில் தப்பே இல்லை.

மத்தியானம் தாத்தா தூங்கும் நேரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். அம்மிக்கல் மேல் வைத்து, பிடியையும் கத்தியையும் சேர்க்கும் ஆணியின் தலையில் சுத்தியலால் நச் நச்சென்று நாலு அடி. ஆட்டம் நின்றுவிட்டது. திறந்தால் கஷ்டப்பட்டுத்தான் திறந்தது. "இதுதான் ஃபிட்" என்று திருப்தியோடு இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை. தாத்தா முகத்தில் சோப்பு நுரை போட்டுவிட்டு, வழக்கம்போலக் கட்டைவிரலால் கத்தியின் வாலைத் தள்ளினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இறுகிக் கிடந்த கத்தி திடீரென்று விடுபட்டுச் சடாரென்று திறந்தது. இடது கைக் கட்டைவிரலில் ஒரு கோடு. ஆழமில்லை. அவர் சத்தம் போடவில்லை. படிகாரத்தை நனைத்துத் தேய்த்துக்கொண்டார். பிறகு கத்தியை மெல்ல மடக்கிப் பார்த்தார். பாதி வழியில் 'கிர்ர்' என்று ஏதோ உரசியது. திரும்பத் திறந்து, கூரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முனைக்குப் பக்கத்தில் குருணை அளவுக்கு ஒரு பொக்கை.

"ஏய்யா, ஆணிய அடிச்சியா?"

"ஆமா தாத்தா... ஆடிக்கிட்டுல்லா இருந்துச்சு. அதான்."

"அது கொம்புய்யா. நெளியத்தான் செய்யும். ஆணி சரியாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. அன்றைக்கு அவர் பாதி நுரையோடு முகத்தைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் ஆனது. கொம்பு நெளிவது வேறு, ஆணி தளர்வது வேறு. அவன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தான். குழப்பம் தீர, முதலில் இந்தக் கத்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சவரக்கத்தியில் இரும்பு ஒரே துண்டு. முன்பாதி மழிக்கும் பகுதி. அதில் ஒரு ஓரம் கூர், எதிர் ஓரம் தடித்த முதுகு. பின்பாதி கூர் இல்லாத கழுத்து. கழுத்தின் கடைசியில் வளைந்து நீண்டிருப்பது வால். கழுத்தில் ஒரு துளை. பிடி என்பது இரண்டு மெல்லிய பட்டைகள். ஒரு நுனியில் அந்த இரண்டு பட்டைகளையும் கழுத்தின் துளையையும் சேர்த்து ஒரு ஆணி போகிறது. இதுதான் அச்சு. மறுநுனியில் பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆப்பு, அதையும் ஒரு ஆணி பிடித்திருக்கும். பல கத்திகளில் நடுவிலும் ஒரு ஆணி உண்டு. ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை, ஸ்க்ரூகூட வழக்கமாக இருக்காது.

இதைக் கையில் எடுக்கும் முறை இப்படி: ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் கழுத்தின் மேல். கட்டைவிரல் கழுத்தின் அடியில். சுண்டுவிரல் வாலின் மேல். பிடி 180 டிகிரியையும் தாண்டித் திரும்பி, கைக்கு மேலே எழும்பி நிற்கும். கத்தி தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில் போக வேண்டும். சாய்வு குறைந்தால் முடியை வெட்டாமல் இழுக்கும், கூடினால் தோலைச் சுரண்டும், இன்னும் கூடினால் வெட்டும். இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்துபவை கழுத்தில் இருக்கும் விரல்கள்தான்.

அப்படியானால் பிடி எதற்கு? மூன்று வேலைகளுக்கு.

முதல் வேலை, உறை. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் கூர் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். தலைமுடி பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அவ்வளவு மெல்லிய ஓரம் எதிலாவது பட்டால் போதும், மடங்கும் அல்லது உடையும். கொம்புதானே, இரும்பைவிட மெத்தென்றுதானே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மடக்கும்போது கூர் பட்டைகளுக்கு நடுவே எதையும் தொடாமல் இறங்க வேண்டும். தொட்டால் கெட்டது.

இரண்டாவது வேலை, எதிர் எடை. கத்தியின் முன்பாதிக்கு எடை உண்டு, பிடிக்கும் எடை உண்டு. இரண்டும் சேர்ந்து அச்சுக்கு அக்கம்பக்கத்தில் சமன் ஆனால் கை களைக்காது. பித்தளை மாதிரி கனமான பிடி போட்டால் கத்தி பின்னால் இழுக்கும், முகத்தில் இருக்கும் முனை லேசாகிவிடும். ரொம்ப லேசான பிடி போட்டால் மூக்கு கனத்து முன்னால் சாயும். பழைய ஷெஃபீல்ட் கத்திகளில் பல, ஆப்பு மாதிரித் தடித்த கனமான இரும்பு. பிற்பாடு ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர் பெயர் வாங்கியது இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய கத்திகளுக்கு. முன்னதற்குப் பொருந்தும் பிடி பின்னதற்குப் பொருந்த வேண்டும் என்று இல்லை. உடைந்த கத்தியின் அழகான பிடியைக் கழற்றி வேறொன்றில் மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வேலை, ஒதுங்கிக்கொள்வது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதுதான் ரொம்ப முக்கியம். வலது கன்னத்தில் மேலிருந்து கீழே ஒரு மாதிரி, இடது கன்னத்தில் வேறு மாதிரி, தாடைக்கு அடியில் கழுத்தில் கீழிருந்து மேலே இன்னொரு மாதிரி. ஒவ்வொரு இடத்துக்கும் கை திரும்புகிறது. நீட்டிக்கொண்டு நிற்கும் நிலையான பிடியாக இருந்தால் தோளில் இடிக்கும், நெஞ்சில் இடிக்கும். அச்சு இருப்பதால் பிடி தேவையான பக்கம் சாய்ந்து வழிவிடுகிறது.

ஆக, அந்தச் சின்ன ஆணியிடம் இரண்டு எதிரெதிரான காரியங்களைக் கேட்கிறார்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். விரலை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். சரியான கத்தியைப் பாதி திறந்து படுக்கைவாட்டில் பிடித்தால் தன் எடையில் விழாது. மெதுவாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், நடுவில் எங்கேயும் தயங்காது.

உண்மையிலேயே ஆணி தளர்ந்தால் என்ன ஆகும்? மடக்கி வைத்த கத்தியைப் பிடியோடு தூக்கினாலே கூர் வெளியே விழும். மழிக்கும்போது பிடி தொங்கி விரல் முட்டியில் தட்டும். தோல்வாரில் தீட்டும்போது இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் கத்தி தன் முதுகின் மேல் புரண்டு திரும்ப வேண்டும். அந்த நேரம் பிடி தன் இஷ்டத்துக்கு ஆடினால் கத்தி சாயும், கூர் வாரைக் கிழிக்கும்.

இறுகினால் என்ன ஆகும் என்பதைத் தாத்தாவின் கட்டைவிரல் சொல்லிவிட்டது. நகர மறுக்கும் கத்தியை நகர்த்த அதிக பலம் வேண்டும். நகர்ந்தபிறகு அந்தப் பலம் எங்கே போகும்? நிற்கும் உராய்வு பெரியது, ஓடும் உராய்வு சிறியது என்பது பிளஸ் ஒன் இயற்பியல். பரீட்சையில் எழுதியவன்தான் பேரன். தளர்ந்த கத்தியை யாரும் ஜாக்கிரதையாகத்தான் தொடுவார்கள். இறுகிய கத்தி நல்ல கத்தி மாதிரித் தெரிவதால், அது எச்சரிக்கையே இல்லாமல் வெட்டும்.

சரி, கூர் எப்படிப் பொக்கையானது? ஆணியின் தலையில் ஒரு பக்கமிருந்து அடித்தால் ஆணி நேராகக் குட்டையாகாது. உள்ளே கொஞ்சம் வளையும். வளைந்த அச்சில் கத்தியும் ஒரு பக்கம் சாயும். அச்சில் ஒரு நூலளவு சாய்வு இருந்தால், மூன்று அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் முனையில் அது பட்டையை முட்டும் அளவுக்குப் பெரிதாகிவிடும். அந்த 'கிர்ர்' சத்தம் அதுதான்.

இப்போது ஆப்பு. (ஆமாம், கத்திக்கும் ஆப்பு வைப்பார்கள்!) பிடியின் மறுநுனியில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டு வெறும் இடைவெளி அடைப்பான் இல்லை. பழைய கத்திகளில் ஈயம், எலும்பு, கொம்பு என்று பலவற்றில் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். அதனால் இரண்டு பட்டைகளும் வில் மாதிரி லேசாக வளைந்து நிற்கும். அந்த வளைவின் விசை அச்சுப் பக்கம் கழுத்தை இரண்டு பக்கமும் மென்மையாக அழுத்துகிறது. கத்தி நின்ற இடத்தில் நிற்பதற்குக் காரணம் ஆணியின் இறுக்கம் மட்டும் இல்லை, பட்டைகளின் இந்த நெளிவும்தான். ஸ்பிரிங் இல்லை என்று மேலே சொன்னது பாதி உண்மை. பிடியே ஸ்பிரிங்!

தாத்தா சொன்ன வாக்கியத்தின் அர்த்தம் இதுதான். பேரன் விரலால் அழுத்தியபோது நெளிந்தது கொம்பு. நெளிவது அதன் வேலை. அவன் அடித்ததோ ஒழுங்காக இருந்த ஆணியை.

ஆப்பு இன்னொன்றும் செய்கிறது. மடக்கும்போது கத்தி எங்கே போய் நிற்பது? தடுக்க ஒரு முட்டுக்கட்டையும் கிடையாது. ஆனால் கத்தியின் முதுகு தடிமன் பட்டைகளுக்கு இடையிலான சந்தைவிட அதிகம். எனவே கூர் உள்ளே இறங்கியதும் முதுகு பட்டைகளின் விளிம்பில் உட்கார்ந்துவிடுகிறது. ஆப்பு தடித்துவிட்டால் சந்து அகலமாகி, கத்தி உள்ளே விழுந்து, கூர் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அங்கேதான் எடுப்பவரின் விரல் இருக்கும்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளைப் பார்த்தால் வால் ரொம்பக் குட்டை, சிலவற்றில் இல்லவே இல்லை. 1740-களில் ஷெஃபீல்ட் பக்கத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் உருக்கித் தரமான எஃகு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இரும்பு நன்றாகிவிட்டது, ஆனால் விரலுக்கு இடம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில்தான் வால் நீண்டு வளைந்தது. ஒரு அங்குலம் இருந்தால் அதிகம். அந்த ஒரு அங்குலத்தில் சுண்டுவிரல் உட்கார்ந்தது. கட்டைவிரலால் தள்ளித் திறக்க ஒரு நெம்புகோலும் கிடைத்தது. அச்சிலிருந்து தூரத்தில் தள்ளினால் குறைந்த பலம் போதும். கூர் பக்கம் விரலைக் கொண்டுபோகவே தேவையில்லை.

பிடிக்கு எந்தப் பொருள் என்பதும் அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. கொம்பு நெளியும், லேசானது, அழுத்தி வளைக்கலாம். ஆனால் ஈரத்தில் வீங்கி, காய்ந்தால் கோணும், பூச்சியும் அரிக்கும். தந்தம் நெளியாது, விலை அதிகம், பழையதானால் ஆணித் துளையிலிருந்து கீறல் விடும். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தை நிறுத்த 1989-ல் முடிவானது. 1870-களுக்குப் பிறகு பரவிய செல்லுலாய்ட் எல்லாவற்றையும் போலி செய்தது: தந்தம் மாதிரி, ஆமை ஓடு மாதிரி, மலிவு விலையில். ஆனால் அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பண்டம். வயதானால் சிதைந்து அமில வாயு விடும். கத்தியை மடக்கிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பல வருடம் கழித்துத் திறந்தால், பட்டைக்குள் இருந்த பகுதி முழுக்கத் துரு பிடித்திருக்கும். காப்பாற்ற வேண்டிய உறையே கத்தியைத் தின்றுவிடும்.

அச்சுப் பக்கம் துருவுக்கு இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் அங்கே போனால் சுலபத்தில் வெளியே வராது. தாத்தா இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கத்தியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கியதில்லை. நுரையைத் துணியில் துடைப்பார். முடிந்ததும் கழுத்துப் பக்கம் காய்ந்த துணியை விட்டு இழுப்பார். எப்போதாவது அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அச்சே இல்லாமல் செய்யக் கூடாதா? செய்திருக்கிறார்கள். ஜப்பானின் கமிஸோரி என்ற சவரக்கத்தியில் மடிப்பே கிடையாது. கூரும் பிடியும் ஒரே இரும்பு, பிடிக்குப் பிரம்பு சுற்றியிருப்பதும் உண்டு. தளர்வதற்கு ஆணி இல்லை, உரச உறை இல்லை. ஆனால் கூர் எப்போதும் வெளியில், பத்திரப்படுத்துவது தனிப் பாடு.

இங்கிலாந்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். 1847-ல் வில்லியம் ஹென்சன் என்பவர் பிடியை மண்வெட்டி மாதிரி கத்திக்குக் குறுக்கே வைத்துக் காப்புரிமை வாங்கினார். (நீராவியில் பறக்கும் வண்டி செய்யப் பார்த்த அதே ஹென்சன்!) பிடியைத் திருப்பியதில் நிஜமாகவே அது பிடிக்கும் பிடியாகிவிட்டது. 1880-ல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் கூருக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்தார்கள். 1904-ல் கில்லெட் காப்புரிமை பெற்றதோ பிளேடையே தூக்கிப்போடும் ரேஸருக்கு. சாய்வை இனி விரல்கள் பார்த்துக்கொள்ள வேண்டாம், தலைப்பகுதியே பார்த்துக்கொள்ளும். தீட்டவும் வேண்டாம். மழிப்பது யார் வேண்டுமானாலும் செய்யும் காரியமானது.

ஆனாலும் சலூன்களில் மடக்குக் கத்தி போகவில்லை. அடுத்தவர் முகத்தை மழிப்பவருக்குக் கிருதாவின் ஓரம் நேராக வேண்டும், மீசையின் கீழ் விளிம்பு தெரிய வேண்டும். கூர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது முடியும். இங்கே மாறியது கூர் மட்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. ஒருவரை மழித்த கூர் இன்னொருவர் தோலில் படக் கூடாது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் வலுவாகப் பரவியது. தீட்டும் கத்தி போய், பிளேடைப் பாதியாக உடைத்துச் சொருகும் மடக்குக் கத்தி வந்தது. தாத்தாவும் மாறினார். தோல்வாரைக் கடைச் சுவரிலிருந்து கழற்றியது தொழிலில் பாதியைக் கழற்றிய மாதிரி இருந்தது என்று ஒருமுறை சொன்னாராம். ஆனால் புதுக் கத்தியிலும் கழுத்து உண்டு, வால் உண்டு, அச்சு உண்டு. கை அதே கைதான்.

பழைய கத்தி வீட்டுக்கு வந்தது அப்போதுதான். அதைத்தான் பேரன் அம்மிக்கல்லில் வைத்து அடித்திருந்தான்.

சரிசெய்ய முடியுமா? முடியும், அடித்த மாதிரி நாலு அடியில் இல்லை. முதலில் ஆணித் தலையை அரத்தால் ராவி எடுத்தான். தலை போனதும் மெல்லிய கம்பியால் தட்டி ஆணியை வெளியே எடுத்தான். நடுவில் வளைந்திருந்தது. வெறும் 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. கோவில்பட்டியில் ஒரு பித்தளைப் பட்டறையில் ஒரு சாண் நீளம் கிடைத்தது. பழைய துளைகளுக்குச் சரியாகப் போனது. கொம்பின் வெளிப்பக்கம் இரண்டு சின்ன வாஷர். கம்பியை வாஷருக்கு மேலே முக்கால் மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, நுனியை ராவிச் சமமாக்கினான்.

பிறகு தட்டுவது. சின்னச் சுத்தியல், உருண்டைத் தலை. அடி இல்லை, தட்டு. சுற்றிச் சுற்றிப் பத்துத் தட்டு, திருப்பி மறுபக்கம் பத்துத் தட்டு. நுனி காளான் குடை மாதிரி மெல்ல விரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் திறந்து, மடக்கி, வெளிச்சத்தில் கூர் நடுவில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை தட்டு என்று புத்தகத்தில் இருக்காது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கத்தியை வாங்கி, ஒட்டுப்போட்ட கட்டைவிரலால் வாலைத் தள்ளிப் பார்ப்பார்.

"இன்னும் ரெண்டு."

தட்டினான்.

"இன்னும் ஒண்ணு. லேசா."

தட்டினான்.

"போதும்யா. வச்சிரு."

அவனுக்கு முந்தைய தடவைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தாத்தாவின் விரலுக்குத் தெரிந்தது.

பொக்கையை எடுக்கும் வேலையைத் தாத்தா தானே செய்தார். மூன்று காலை பிடித்தது. பொக்கையின் அடி வரைக்கும் கூர் முழுவதையும் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். நடுங்கும் கையால் எப்படித் தீட்டுவார் என்று பேரன் பயந்தான். ஆனால் சாணைக்கல்லில் கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்ததும் நடுக்கம் தெரியவில்லை. முதுகும் கூரும் இரண்டும் கல்லைத் தொடுகின்றன. தீட்டும் சாய்வை முதுகின் தடிமனே தீர்மானிக்கிறது. கை தள்ளினால் மட்டும் போதும். முகத்திலும் அதே கதைதான்: கழுத்தில் மூன்று விரல், வாலில் ஒரு விரல், மேலே எதிர் எடையாக ஒரு பிடி. நடுங்கும் கையை ஐந்து இடத்தில் கத்தி தாங்கிக்கொண்டிருந்தது. ஆபத்து என்று அவன் பயந்த பொருள்தான் இத்தனை நாளும் தாத்தாவைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டு பிளாஸ்டிக் ரேஸர் வாங்கிக் கொடுக்கலாம் என்று அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்த யோசனை அந்தக் காலையில் நின்றுபோனது.

நாலாம் நாள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து நுரை போட்டார். பேரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போ என்று அவர் சொல்லவில்லை. கட்டைவிரல் வாலைத் தள்ளியது. சத்தமே இல்லாமல் கத்தி திறந்தது. விரலை எடுத்த இடத்தில் நின்றது. பிடி மேலே எழும்பி ஒதுங்கிக்கொண்டது.

அவர் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தை இழுத்துப் பிடித்து, முதல் இழுப்பை இழுத்தார்.